தாமோதர் அணைகள்: மைதானில் 480 அடிக்கு மேல் உள்ள இடம் எதற்கு? இருந்தும் கீழே வெள்ளம் ஏன்?

ஆற்றங்கரையான் கேட்டது:

பள்ளிக்கூடப் பாடத்தில் தாமோதர் நதியை ‘வங்காளத்தின் துயரம்’ என்று படித்தோம். 1948-ல் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் (டி.வி.சி.) வந்தது, அணைகள் கட்டினார்கள், வெள்ளம் அடங்கியது, மின்சாரமும் கிடைத்தது. ஐந்து மதிப்பெண் கேள்விக்கு அது போதும்.

ஆனால் 2024 செப்டம்பரில் மைதான், பஞ்சேத் இரண்டு அணைகளிலிருந்தும் சேர்த்து விநாடிக்கு 2.5 லட்சம் கன அடி திறந்தார்கள். கானாகுல், ஆராம்பாக், உதயநாராயண்பூர் பக்கமெல்லாம் தண்ணீர். இது மனிதர்களால் வந்த வெள்ளம் என்றது மேற்கு வங்க அரசு. அணைகளைக் காக்கத் திறந்தே ஆகவேண்டியிருந்தது என்றது எதிர்த்தரப்பு. அரசியலை விட்டுவிடுவோம். எனக்கு மூன்று சந்தேகம்:

1. மழை வரப்போவது முன்கூட்டியே தெரிகிறதே, அணையைக் கொஞ்சம் காலி செய்து வைத்தால் என்ன?
2. மதகைத் திறந்து வீணாக விடுவதற்குப் பதில் எல்லா டர்பைனையும் ஓட்டி அந்த வழியாகவே தண்ணீரை அனுப்பினால் மின்சாரமும் ஆச்சு, அணையும் இறங்குமே?
3. கடைசியில் அணை வெள்ளத்தைக் கூட்டியதா, குறைத்ததா?

கணக்கோடு யாராவது சொன்னால் நல்லது.

---

நீரியல்_மாணி:

அணையில் தண்ணீர் எந்த உயரத்தில் எதற்காக நிற்கிறது என்பதிலிருந்து ஆரம்பிக்கலாம்.

மைதான் அணை (1957) பராக்கர் நதியில் இருக்கிறது. அங்கே 480 அடி மட்டம் வரை நிற்கும் தண்ணீர் பாசனத்துக்கும் மின்சாரத்துக்கும் ஆலைகளுக்கும். 480-லிருந்து 495 வரை உள்ள 15 அடி வெள்ளத்துக்கென்று ஒதுக்கிய இடம். சாதாரண நாளில் அது காலியாகவே இருக்க வேண்டும். பஞ்சேத் (1959) தாமோதரிலேயே இருக்கிறது. அங்கே இதே கணக்கு 410, 425. இவை கடல் மட்டத்திலிருந்து அளக்கும் உயரங்கள், அணையின் ஆழம் அல்ல. இரண்டு அணைகளுக்கும் சற்றுக் கீழேதான் பராக்கர் தாமோதரில் கலக்கிறது. அதனால்தான் செய்தியில் எப்போதும் இரண்டின் திறப்பையும் கூட்டிச் சொல்கிறார்கள்.

இப்போது சிக்கலான இடம். மைதானில் மதகுகளின் மேல்விளிம்பு 500 அடி; பஞ்சேத்தில் 445 அடி. அதாவது பஞ்சேத்தில் இரும்பும் கான்கிரீட்டும் 445 வரை தாங்கும்படி கட்டியாகிவிட்டது, ஆனால் தண்ணீர் 425-ஐத் தாண்டவிட முடியாது. ஏனென்றால் நிலம் அதுவரைதான் கையகப்படுத்தினார்கள். அதற்கு மேல் ஊர்கள் இருக்கின்றன. நீர்த்தேக்கம் மேலே போகப்போக அகலமாகிக்கொண்டே போகும். ஆகவே பயன்படுத்த முடியாமல் போன அந்த 20 அடி, அடியில் உள்ள 20 அடியைவிடப் பல மடங்கு கொள்ளும்.

1943 ஜூலையில் இடது கரை உடைந்து, கல்கத்தாவுக்குப் போகும் ரயில் பாதையும் கிராண்ட் டிரங்க் சாலையும் அறுபட்ட பிறகுதான் இந்தத் திட்டமே பிறந்தது. அமெரிக்காவின் டென்னசி பள்ளத்தாக்கிலிருந்து வந்த பொறியாளர் வூர்டுயின் போட்ட திட்டம் 10 லட்சம் கன அடி வெள்ளத்தை 2.5 லட்சமாகக் குறைப்பது. கட்டியது திலையா, கோனார், மைதான், பஞ்சேத் நான்கு மட்டும். திட்டத்தில் இருந்த பால்பஹாரி போன்ற மற்ற அணைகள் இன்றும் தாளில்தான் இருக்கின்றன. கிடைத்த வெள்ள ஒதுக்கீடு நான்கிலும் சேர்த்து 1,292 மில்லியன் கன மீட்டர், நம் கணக்கில் சுமார் 45.6 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி). திட்டமிட்டதில் பாதிகூட இல்லை. அதனால் அடக்கக்கூடியது 6.5 லட்சம் கன அடி வெள்ளம்தான், 10 லட்சம் அல்ல.

45.6 டி.எம்.சி. எவ்வளவு நேரம் தாங்கும்? மனதில் வைத்துக்கொள்ள ஒரு எண்: 1 லட்சம் கன அடி ஒரு நாள் முழுக்க ஓடினால் 8.64 டி.எம்.சி. உள்ளே 4 லட்சம் வருகிறது, வெளியே 1.5 லட்சம் விடுகிறோம் என்றால் மிச்சம் 2.5 லட்சம், நாளுக்கு 21.6 டி.எம்.சி. ஏறும். 45.6-ஐ அதால் வகுத்தால் 2 நாளும் சொச்சமும். இதுகூட நான்கு அணையிலும் சமமாக நிரம்பும் என்ற கற்பனையில்தான். மழை ஒரு கிளையில் மட்டும் கொட்டினால் அந்த அணை ஒன்றரை நாளில் நிரம்பி நிற்கும், பக்கத்து அணையில் இடம் சும்மா கிடக்கும். மைதானுக்கு நீர்பிடிப்பு சுமார் 6,300 சதுர கி.மீ., பஞ்சேத்துக்கு சுமார் 11,000. ஆனால் அகலமான ஒதுக்கீடு இருக்க வேண்டிய பஞ்சேத்தில்தான் நிலம் வாங்காமல் விட்டார்கள்.

முதல் கேள்விக்கு வருகிறேன். முன்கூட்டிக் காலி செய்யலாம், செய்கிறார்கள். ஆனால் கீழே இருக்கும் ஆறு எவ்வளவு தாங்கும் என்பதுதான் தடை. கரை கடக்காமல் 50,000 கன அடி விட்டால் நாளுக்கு 4.3 டி.எம்.சி. நம்பத்தக்க முன்னறிவிப்பு மூன்று நாள் கிடைத்தால் 13 டி.எம்.சி. பயன் உண்டு, ஆனால் மேலே சொன்ன 4 லட்சம் வரத்தில் இது சுமார் 14 மணி நேரத்துக்குத்தான் ஈடாகும்.

இதில் நாட்காட்டி வேறு எதிராக நிற்கிறது. தாமோதரின் கெட்ட வெள்ளங்கள் பல பருவமழையின் கடைசியில் வருகின்றன: 1978 செப்டம்பர் இறுதி, 2000 செப்டம்பர், 2021 செப்டம்பர் 30 ஒட்டி, 2024 செப்டம்பர் நடுவில். வங்கக் கடலில் உருவாகும் காற்றழுத்தத் தாழ்வு மேற்கே நகர்ந்து கீழ்ப்பள்ளத்தாக்கை நனைத்துவிட்டு ஜார்க்கண்டின் மேட்டு நிலத்தில் போய் நின்றுவிடும். அந்தச் சமயம் நீர்த்தேக்கங்களை ரபி (குளிர்காலச் சாகுபடி) பருவத்துக்காக 480, 410 வரை நிரப்பி முடித்திருப்பார்கள். இனி மழை இல்லாவிட்டால் காலி செய்த தண்ணீர் திரும்பக் கிடைக்காது. ஜூலையில் எடுக்கத் தயங்காத முடிவை செப்டம்பர் 15-ல் எடுக்கத் தயங்குவது இதனால்தான்.

மூன்றாவது கேள்வி: 1978-ல் இரண்டு அணைகளுக்கும் சேர்த்து உச்ச வரத்து 7.74 லட்சம் கன அடி. வெளியே விட்ட உச்சம் 1.63 லட்சம். இது பெரிய வேலை. ஆனால் அதே வெள்ளத்தில் கீழே துர்காபூரில் சுமார் 3.8 லட்சம் ஓடியது. நடுவில் அணையே இல்லாத நீர்பிடிப்பில் பெய்த மழை அது. அணைக்குக் கீழே பெய்வதை எந்த அணையும் பிடிக்காது.

---

டர்பைன்_தாசன்:

இரண்டாவது கேள்விக்கு மட்டும்.

மின்திறன் (கிலோவாட்) = 9.81 × ஓட்டம் (கன மீட்டர்/விநாடி) × நீர் விழும் உயரம் (மீட்டர்) × இயந்திரத் திறன்.

மைதானில் இடது கரையில் நிலத்துக்கடியில் இருக்கும் மின் நிலையம், 20 மெகாவாட் வகையில் மூன்று இயந்திரம். விழும் உயரம் 30 மீட்டர், திறன் 0.88 என்று கணக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு இயந்திரம் குடிப்பது 77 கன மீட்டர், சுமார் 2,700 கன அடி. மூன்றும் சேர்ந்து 8,200. பஞ்சேத்தில் 40 மெகாவாட் இரண்டு. 26 மீட்டர் என்று போட்டால் இரண்டுக்கும் 12,600. எல்லாம் ஓடினாலும் 20,000 கன அடி சொச்சம். வெள்ளத்தில் விட வேண்டியது 2,50,000. பன்னிரண்டில் ஒரு பங்கு.

தமிழ்நாட்டில் இதை ஒவ்வொரு வருடமும் படிக்கிறோம்: மேட்டூரில் அணை மின் நிலையம், சுரங்க மின் நிலையம் வழியாக 21,500 முதல் 23,000 கன அடி வரை, மீதி 16 கண் மதகு வழியாக. வரத்து 30,000 ஆனாலும் 2 லட்சம் ஆனாலும் மின் நிலைய எண் அங்கேயே நிற்கும். இயந்திரத்தின் வாய் அவ்வளவுதான்.

இன்னொன்று பலர் கவனிப்பதில்லை. வெள்ளத்தில் மின் உற்பத்தி குறையவும் செய்யும். மதகு வழியாக லட்சக்கணக்கில் பாயும்போது அணைக்குக் கீழ்ப்பக்க மட்டமும் ஏறுகிறது. மேலே 5 அடி ஏறி, கீழே 12 அடி ஏறினால் விழும் உயரம் 7 அடி குறைந்துவிட்டது. தாழ்ந்த உயரத்தில் ஓடும் நிலையங்களில் இது உடனே மீட்டரில் தெரியும். கூடவே மரம், ஆகாயத்தாமரை, குப்பை எல்லாம் வந்து உள்வாய்க் கம்பித் தட்டியை அடைக்கும். தட்டிக்கு முன்னும் பின்னும் மட்ட வித்தியாசம் கூடினால் தட்டி வளைவதற்கு முன் இயந்திரத்தை நிறுத்தியே ஆகவேண்டும். மணல் கலந்த தண்ணீர் சக்கரத்தின் அலகுகளையும் வழிகாட்டி இதழ்களையும் அரிக்கும். தண்டு அடைப்பானுக்கும் குளிர்விப்புக்கும் போகும் நீரில் வண்டல் புகுந்தால் தாங்கியின் வெப்பம் ஏறி இயந்திரம் தானாக நிற்கும். வெள்ள நேரத்தில் இயந்திரம் நின்றது என்றால் பத்தில் பல முறை காரணம் இந்த இரண்டாந்தரக் குழாய்கள்தான், டர்பைன் அல்ல.

டர்பைன் வழியாகவே வெள்ள ஒதுக்கீட்டை வடிக்கிறோம் என்று பிடிவாதம் பிடித்தால் 20,000 கன அடியில் நாளுக்கு 1.73 டி.எம்.சி. 45 டி.எம்.சி. வடிய 26 நாள். அதற்குள் அடுத்த தாழ்வு நிலை வந்துவிடும். வெள்ள இடத்தில் ஏறிய தண்ணீரை வேகமாக இறக்குவதுதான் விதி. அதை மின்சாரமாகப் பார்க்கவே கூடாது.

டி.வி.சி.யின் மொத்த உற்பத்தியில் நீர்மின்சாரம் 147 மெகாவாட்தான். மற்றதெல்லாம் ஆயிரக்கணக்கில் அனல் மின்சாரம். அதனால் ‘மின்சாரத்துக்காகத் தண்ணீரைப் பிடித்து வைத்தார்கள்’ என்ற குற்றச்சாட்டு எனக்கு ஏற்பில்லை. பிடித்து வைக்கிற ஆசை பாசனத்திலிருந்தும் ஆலைகளின் தண்ணீர்த் தேவையிலிருந்தும் வருகிறது. நீர்மின்சாரத்தின் மதிப்பு அங்கே வேறு: மாலை உச்ச நேரத்துக்குச் சில நிமிடத்தில் எழுப்பலாம்; மின்கட்டமைப்பே விழுந்தால் வெளி மின்சாரம் அதிகம் இல்லாமல் தானே கிளம்பி அனல் நிலையங்களுக்கு உயிர் கொடுக்கும்.

---

ஆற்றங்கரையான்:

நன்றி. பன்னிரண்டில் ஒரு பங்கு என்று எண்ணாகப் பார்த்த பிறகுதான் உறைக்கிறது.

அப்படியானால் பஞ்சேத்தில் 445 வரை நிலத்தை இப்போது வாங்கிவிட்டால் தீராதா? மேட்டூரில் 120 அடிக்கு மேல் இதே மாதிரி காலி இடம் வைத்திருக்கிறார்களா?

---

நீரியல்_மாணி:

வாங்கினால் பெரிய நன்மைதான். ஆனால் மூழ்கும் நிலத்தில் ஒரு பகுதி ஜார்க்கண்டில், காப்பாற்றப்படும் நிலம் மேற்கு வங்கத்தில். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மூன்று நாள் மட்டும் மூழ்கும் நிலத்துக்காக ஒரு மாநிலம் ஊர்களை முழுசாகக் காலி செய்ய ஒப்புவது கடினம். அந்தப் பக்கம் சுரங்கமும் குடியிருப்பும் நெருங்கிவிட்டன. கீழே இருப்பவர் கேட்பதும் நியாயம், மேலே இருப்பவர் மறுப்பதும் நியாயம். அளவிட வேண்டியது, 425-லிருந்து ஒவ்வொரு அடிக்கும் எத்தனை வீடு, எத்தனை ஏக்கர் என்பது. முழு 20 அடி வேண்டாம், முதல் 5 அடி கிடைத்தாலே உச்சத்தை நன்றாகத் தட்டிவிடலாம்.

மேட்டூரில் இல்லை. 120 அடி, 93.47 டி.எம்.சி. என்றால் அது நிரம்பிய கணக்கு. அதற்கு மேல் வெள்ளத்துக்கென்று தனி ஒதுக்கீடு கிடையாது. நிரம்பிய பிறகு வருவதை அப்படியே விடுவதுதான் நடைமுறை. காலியாக இருக்கும்போது வெள்ளம் வந்தால் மேட்டூர் பிரமாதமாக அடக்கும். நிரம்பி இருக்கும்போது வந்தால் ஏறக்குறைய வழிவிடும். மைதான், பஞ்சேத் கொள்கை அளவில் இதிலிருந்து வேறானவை, ஆகஸ்டில் 480-ல் நிற்கும் மைதானை ‘நிரம்பவில்லை, ஏன் தண்ணீரை விடுகிறீர்கள்’ என்று கேட்பது தவறு என்பதும் இதனால்தான்.

---

மதகு_மேஸ்திரி:

எல்லாரும் மட்டத்தையே பேசுறீங்க. மதகைப் பத்தி ரெண்டு வார்த்தை.

காகிதத்துல 1.5 லட்சம் விடணும்னு எழுதிடலாம். களத்துல அது எந்த மதகு, எத்தனை அடி தூக்கணும்ங்கிற கணக்கு. ஒரு மதகை முழுசா தூக்கி மத்ததை மூடி வைக்கக் கூடாது. எல்லாத்தையும் கொஞ்சம் கொஞ்சமா, நடுவுல ஆரம்பிச்சு ரெண்டு பக்கமும் சமமா தூக்கணும். ஓரமா மட்டும் திறந்தா தண்ணி கீழ தடுப்புத் தளத்துல சுழிச்சு ஒரு பக்கக் கரையை அறுக்கும். ரொம்பச் சின்னத் திறப்புல நாள்கணக்கா வைக்கறதும் ஆகாது. கீழ்விளிம்புல தண்ணி பிச்சுக்கிட்டுப் போறப்ப மதகு அதிர ஆரம்பிக்கும், ரப்பர் அடைப்பு கிழியும், ஆணி தளரும்.

தூக்கறதும் படிப்படியாத்தான். எகிறிப் போய் 50,000-லருந்து 1.5 லட்சத்துக்குப் போனா கீழ மணல் திட்டுல இருக்கிற ஆளுங்களுக்கு ஓடக்கூட நேரமிருக்காது. மட்டம் இன்னும் இடம் இருக்கிறப்பவே திறப்பை ஏத்த ஆரம்பிக்கணும்ங்கறது இதுக்குத்தான். கடைசி அடி வரைக்கும் பிடிச்சுட்டு மொத்தமா விட்டா, உள்ள வந்த உச்சத்தை விடப் பெரிய உச்சத்தை நாமே உண்டாக்கிடுவோம். அணை வெள்ளத்தைக் கூட்ட முடியுமான்னு கேட்டீங்களே, கூட்டறது முக்கியமா இந்த வழியிலதான்.

துர்காபூர் தடுப்பணையைப் பாருங்க. 1955-ல கட்டினது. 2017 நவம்பர்ல ஒரு மதகு போச்சு, 2020 அக்டோபர் 31-ல 31-ம் எண் மதகு போச்சு. ரெண்டு தடவையும் தேக்கி வெச்ச தண்ணியைக் காலி பண்ணித்தான் வேலை பார்க்க முடிஞ்சது. ஊருக்குக் குடிதண்ணி, ஆலைகளுக்குத் தண்ணி எல்லாம் தடுமாறுச்சு. ஓடற தண்ணியில மதகுக்கு முன்னால தடுப்புப் பலகை இறக்கற வசதி தயாரா இருந்தா தேக்கத்தைக் காலி பண்ண வேண்டியதில்லை. 2024 ஆகஸ்ட் 10 ராத்திரி துங்கபத்ரா அணையில 19-ம் மதகோட சங்கிலி அறுந்து மதகே அடிச்சுட்டுப் போச்சே, அங்க ஓடற தண்ணியிலயே பலகைகளை அடுக்கடுக்கா இறக்கி அடைச்சாங்க.

வருஷா வருஷம் மே மாசத்துல பார்க்க வேண்டியது: சங்கிலி அல்லது கம்பிவடத்துல துரு, கிரீஸ், வளைவு மதகா இருந்தா அச்சுமுனைத் தாங்கி இறுகலா இருக்கா, மின்சாரம் போனா ஜெனரேட்டர் எடுக்குதா, அதுவும் போனா கையால சுத்தித் தூக்க முடியுதா. ஒவ்வொரு மதகையும் ஒரு அடியாவது தூக்கி இறக்கணும். ‘போன வருஷம் ஓடுச்சு’ன்னு கையெழுத்து போடறதுக்குப் பேரு சோதனை இல்ல.

---

தீரம்_தெற்கு:

கீழ்ப்பகுதியைப் பற்றிச் சில திருத்தங்களும் சேர்ப்புகளும்.

துர்காபூருக்குக் கீழே போய், ஜமால்பூர் பக்கம் பேகுவாஹானாவில் ஆறு பிரிகிறது. பெரும்பகுதி முண்டேஸ்வரி வழியாக ரூப்நாராயணை நோக்கிப் போகிறது. பழைய ஆம்தா கால்வாய் வழியே போவது சிறு பங்கு. வெள்ளச் செய்தியில் வரும் கானாகுல், உதயநாராயண்பூர் எல்லாம் இந்த முனையில் இருக்கின்றன. கட்டால் நகரத்தையும் சேர்த்து டி.வி.சி. மீது பழி போடுவார்கள். கட்டால் ஷிலாபதி நதிக்கரையில் இருக்கிறது. அங்கே வெள்ளம் ஷிலாபதியாலும் கங்சாபதியாலும் வருவது, தாமோதர் அணைகளுக்கு அதில் நேரடிப் பங்கு இல்லை.

ஆங்கிலேயர் காலத்தில், 1850-களில், இடது கரையில் பர்த்வான் நகரையும் ரயில் பாதையையும் காப்பாற்ற வலது கரையை ஒரு நீளத்துக்கு வேண்டுமென்றே எடுத்துவிட்டார்கள். வெள்ளம் வலது பக்கம் பரவட்டும் என்பது முடிவு. அந்த வலது பக்கத்தில் இன்று நெருக்கமாக மக்கள் வசிக்கிறார்கள்.

வூர்டுயின் 2.5 லட்சம் கன அடியைப் பாதுகாப்பான ஓட்டமாக வைத்தது அன்றைய ஆற்றுக்கு. அணை வந்த பின் சின்ன, நடுத்தர வெள்ளங்கள் நின்றுபோயின. அவைதான் வருடாவருடம் மணலை வாரிக் கடலுக்குத் தள்ளி ஆற்றை ஆழமாக வைத்திருந்தன. இப்போது படுகையில் திட்டுகள் ஏறி, திட்டில் உருளைக்கிழங்கு பயிர், பிறகு வீடு. 1 லட்சம் கன அடியிலேயே பல இடங்களில் கரை ததும்புகிறது. அமாவாசை, பௌர்ணமி ஏற்றத்தில் ரூப்நாராயண் நிரம்பி நிற்கும்போது முண்டேஸ்வரி வடிய இடமில்லாமல் தேங்கிவிடும். அந்த நாளில் கரை ததும்ப இன்னும் குறைந்த ஓட்டமே போதும். அணையில் எத்தனை அடி சேர்த்தாலும் இந்தப் பகுதியைத் தூர் வாராமல் பலன் பாதிதான் என்பது என் கருத்து.

திறப்பை முடிவு செய்வது தனியொரு அலுவலகம் இல்லை. மத்திய நீர் ஆணையத்தின் தலைமையில் தாமோதர் நீர்த்தேக்க ஒழுங்குமுறைக் குழு இருக்கிறது. இரு மாநிலங்களையும் டி.வி.சி.யையும் உறுப்பினர்களாக வைத்து அமைத்தது அது; 2024 செப்டம்பர் வெள்ளத்துக்குப் பிறகு மேற்கு வங்கம் தன் பிரதிநிதியை விலக்கிக்கொண்டது. ஆனால் 1978-ல் வந்த தேனுகாட் அணை இந்த ஏற்பாட்டுக்கு வெளியே. பஞ்சேத்துக்கு மேலே தாமோதரிலேயே உட்கார்ந்திருக்கிறது, வெள்ளத்துக்கென்று தனி ஒதுக்கீடும் இல்லை. அது திறந்தால் பஞ்சேத் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

---

ஆற்றங்கரையான்:

கடைசியாக ஒன்று. செய்தியில் வரும் எண்களில் எதைப் பார்த்தால் கீழே நிலைமை புரியும்?

---

நீரியல்_மாணி:

நான்கு எண். முதலாவது, மைதான் 480-ஐயும் பஞ்சேத் 410-ஐயும் தாண்டிவிட்டதா, தாண்டியிருந்தால் 495, 425-க்கு இன்னும் எத்தனை அடி. இரண்டாவது, இரண்டுக்கும் சேர்த்து வரத்து எவ்வளவு, திறப்பு எவ்வளவு. திறப்பு வரத்தைவிடக் குறைவாக இருக்கும் வரை அணை வெள்ளத்தைத் தின்றுகொண்டிருக்கிறது. மூன்றாவது, தேனுகாட் திறந்திருக்கிறதா. நான்காவது துர்காபூர் தடுப்பணையின் திறப்பு. கீழே போகும் உண்மையான ஓட்டம் அதுதான். அங்கே வெள்ளத்தைத் தேக்க இடம் கிடையாது, வந்ததைக் கடத்திவிடும்.

பெரும்பாலான செய்திகள் இரண்டாவதில் திறப்பை மட்டும் போட்டு வரத்தை விட்டுவிடுகின்றன. அணைகளின் தினசரி மட்டமும் வரத்தும் திறப்பும் மத்திய நீர் ஆணையத்தின் வெள்ள முன்னறிவிப்புத் தளத்தில் கிடைக்கும். வரத்தும் திறப்பும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற நாளை எடுத்துப் பாருங்கள்.